மீன் மாத்திரையும் மாலை போட்ட சாமியும்

முதலில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஓர் ஆலையின் மருத்துவ அறையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே என் கையெழுத்து ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலாளிகளின் உடல்நல அட்டையில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வரிசையாகப் போகும் இடத்தில், அதற்கெல்லாம் கீழே ஒரு கேள்வி அச்சாகியிருக்கும்: ‘மாலை போடுவீர்களா? நோன்பு, விரதம் உண்டா? எந்த மாதம்?’ அந்த வரி என்னுடையது. பக்கத்து ஆலைகள் இரண்டு அதை அப்படியே காப்பியடித்துவிட்டன. கேள்விப்பட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

அந்த வரி எப்படி வந்தது என்று சொன்னால் என் பெருமை பாதியாகக் குறையும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். ஊசி போடுவதும் கட்டு கட்டுவதும் உங்களுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

முனிரத்தினம் என்று ஒருவர். வயது முப்பத்து நாலு. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். கம்பிகளைக் கட்டாகக் கட்டும் பிரிவில் வேலை. அது வயிற்றுப் பிழைப்பு. அவருடைய உயிர் ஃபயர் டீமில் இருந்தது. ஆலையில் தீ, விபத்து என்றால் முதலில் ஓடவேண்டிய எட்டுப் பேர் கொண்ட அணி அது. அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். யாரும் அவரை ஒரு யோசனை கேட்டதில்லை. மகனைப் பார்த்தால், தெருவில் யார் வீட்டில் கேஸ் கசிந்தாலும் ‘ஃபயர் டீம் ரத்தினத்தைக் கூப்புடு’ என்று ஆள் வரும். அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்க்கவேண்டும். நான் என் வீட்டு மாதா சுரூபத்தைக்கூட அப்படித் துடைத்ததில்லை.

மாதம் ஒருமுறை தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் பயிற்சி நடக்கும். முனிரத்தினம்தான் முதலில் போய் நிற்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆளைக் காணோம் என்று தேடினால், பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருப்பார்.

“சளி சிஸ்டர்” என்பார். இரண்டு முறை நம்பி இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது முறை பின்னாலேயே போய் முதுகில் ஸ்டெத்தை வைத்தேன். உள்ளே விசில் ஊதியது.

வாரத்தில் இரண்டு நாள் வரும் எங்கள் டாக்டர் அவரை ஊதும் கருவியில் ஊதச் சொல்லி அளந்தார். ஷெட்டைச் சுற்றி ஓடவைத்து, நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் ஒருமுறை, பத்து நிமிடத்தில் ஒருமுறை அளந்தார். அளவு சரசரவென்று இறங்கியது. ஓடினால் வருகிற ஆஸ்துமா. ஓடும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஓடி நின்ற பிறகுதான் கழுத்தைப் பிடிக்கும். ஓடுவதற்குக் கால் மணி முன்னால் நீல இன்ஹேலரை அடித்துக்கொள்ளவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பம்பு.

டாக்டர் போனதும் முனிரத்தினம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“சிஸ்டர், பம்பு அடிக்கிற ஆள டீம்ல வச்சிப்பாங்களா?”

“அடிக்காம வுழுந்தாதான் வச்சிக்க மாட்டாங்க.”

“வெளிய சொல்லிடாதீங்க சிஸ்டர். பேஜாரா பூடும்.”

சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்கு மட்டும் டாக்டர் முறைப்படி குறிப்பு எழுதினார். பயிற்சியில் அவர் இப்போது இருமாமல் நின்றார். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இந்த நேரத்தில்தான் மீன் எண்ணெய் வந்தது.

அவர் மனைவி கஸ்தூரி கைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். ஓடுகிறவர்களுக்கு வரும் மூச்சிரைப்புக்கு மீன் எண்ணெய் மாத்திரை கைகண்ட மருந்து என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாளே மருந்துக் கடையில் வாங்கிவிட்டார். முனிரத்தினம் அந்தப் பாட்டிலை என் மேசைமேல் வைத்து, “இத்த போட்டுக்கினா பம்ப வுட்டுடலாமா?” என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்கே ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது.

டாக்டர் வந்தபோது கேட்டேன். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சிலருக்கு வாரக்கணக்கில் சாப்பிட்டால் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி என்று சொல்வதற்கில்லை. இவருக்குச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, சாப்பிடட்டும். ஆனால் பம்பு இருந்த இடத்தில் அதை உட்காரவைக்கக் கூடாது. அவ்வளவுதான். தெளிவான பேச்சு.

கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகுதான், அதுவும் என்னுடையது. மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு பம்பை மறந்துவிடுவாரே என்று எனக்குப் பயம். அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மீன் மாத்திரைகளையும் பம்பையும் அதற்குள் ஒன்றாகப் போட்டு, மேலே ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்தேன்.

“இது ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு இருக்கற எடத்துலதான் இன்னொண்ணு இருக்கணும். பிரிச்சீங்க, நான் பொல்லாதவ ஆயிடுவேன்” என்றேன்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தார். எனக்கு என் மூளையை நினைத்து ஒரே பூரிப்பு. அன்று வந்த எல்லாரிடமும் இதைச் சொல்லிக் காட்டினேன் என்றே நினைக்கிறேன்.

கார்த்திகை பிறந்தது. எங்கள் ஆலையில் கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் சாமி ஆகிவிடுவார்கள். கறுப்புச் சட்டைக்கு அனுமதி உண்டு. செருப்பில்லாமல் நடக்க மட்டும் அனுமதி இல்லை. கேட்டுக்குள் நுழையும்போது காலில் பாதுகாப்பு ஷூ இருக்கவேண்டும். நேற்றுவரை ‘டேய்’ என்று கூப்பிட்டவனை இன்று ‘சாமி’ என்று கூப்பிடவேண்டும்; அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். முனிரத்தினமும் மாலை போட்டார். அவர்கள் மாலைக் குழுவுக்குக் குருசாமி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏகாம்பரம். பதினெட்டு வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர். பொங்கல் முடிந்த மறுநாள் வேன் ஏறுவதாக ஏற்பாடு. மழையிலும் வேலை நெருக்கடியிலும் அந்த இரண்டு மாதமும் ஓட்டப் பயிற்சி நடக்கவில்லை.

நான் கிறிஸ்தவக் குடும்பம். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறியை நிறுத்திவிட்டு மீன் குழம்பு வைக்கும் வீட்டில் பிறந்தவள். மீன் என்றால் எனக்கு விரதச் சாப்பாடு. மாலை போட்டவர்கள் மீன் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருபது வருடத்துக்கு மேல் அவர்கள் நடுவில்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பாட்டிலில் இருந்ததை நான் மாத்திரை என்று பார்த்தேனே தவிர, மீன் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

போகி அன்று முதல் ஷிஃப்ட். நம் பக்கம் போகி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பனியும் புகையும் சேர்ந்து பத்தடி தள்ளி நிற்கிறவர் முகம் தெரியவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே யாரோ பழைய பாயையும் டயரையும் கொளுத்தியிருக்கிறார்கள். பொறி பறந்து, சுவருக்கு உள்பக்கம் அடுக்கியிருந்த மரச் சட்டங்களில் விழுந்துவிட்டது. ஆறரை மணிக்கு சைரன் ஊதியது.

எட்டுப் பேரும் ஓடினார்கள். முனிரத்தினம் தோளில் குழாயோடு முன்னால் ஓடியதை நான் மருத்துவ அறை வாசலில் நின்று பார்த்தேன். இருபது நிமிடத்தில் தீ அடங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. பெரிய அதிகாரி வந்து எல்லார் தோளிலும் தட்டினார். கேன்டீனிலிருந்து டீ வந்தது. சிலர் கரி அப்பிய முகத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முதலுதவிப் பையைப் பார்த்து ஒருவர், “இன்னா சிஸ்டர், இன்னிக்கி உங்களுக்கு வேலயே இல்ல” என்றார்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் என் முதுகில் நானே தட்டிக்கொள்வேன். எல்லாரும் தீ இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ கிளாஸ்களை எண்ணினேன். தட்டில் எட்டு கிளாஸ் வந்தது, ஒன்று எடுக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. ஓடி நின்ற பிறகுதான் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னது மண்டையில் அடித்தது. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் ஓடினேன்.

அங்கேதான் இருந்தார். தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. “பம்பு எங்க?” என்றேன். கையை விரித்தார். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஆனால் அதோடு மாட்டுகிற குழலில் போன வாரம்தான் விரிசல் விட்டிருந்தது. வேறு வாங்கக் கேட்டிருந்தேன், வரவில்லை. அந்த நிலையில் நேராக வாயில் அடித்தால் மருந்து பாதி நாக்கோடு நின்றுவிடும். கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, உதறி, அடியில் கத்தரியால் ஓட்டை போட்டு, பம்பைச் சொருகினேன். பாட்டிலின் வாயை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

தலையைத் திருப்பிக்கொண்டார்.

மூச்சுத் திணறுகிறவர்கள் பயத்தில் அப்படிச் செய்வது உண்டு. மறுபடி கொண்டுபோனேன். கையால் தட்டிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “செத்துப் போவணுமா உனக்கு?” என்று கத்தினேன். அவர் கழுத்தில் கிடந்த மாலையைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, “மீ…னு… சிஸ்டர்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேட்க நேரம் இல்லை. இது வேறு பம்பு, இதில் மீன் இல்லை என்று நான் விளக்கியிருக்கலாம். அவர் காதில் ஏறியிருக்காது. ஏறினாலும் சொல்வது யார்? மாலை விஷயத்தில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? மருந்தை விட்டுவிட்டு எழுந்து நின்று, டீ குடிக்கும் கூட்டத்தைப் பார்த்து, “குருசாமீ!” என்று ஒரு குரல் கொடுத்தேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஏகாம்பரம் ஓடிவந்தார். “பம்பு மீன்னு சொல்லி வாயத் தொறக்க மாட்டேங்கறாரு” என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முனிரத்தினத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“சாமி, என்னப் பாரு. இது சிஸ்டரோட பம்பு. மீனு கீனு ஒண்ணியும் கெடையாது. மூச்சு இல்லாங்காட்டி சரணம் யாரு கூப்புடறது? வாயத் தொற. குருசாமி சொல்றேன், தொற.”

திறந்தார். ஒரு அடி, நாலைந்து மூச்சு. மறுபடி ஒரு அடி. ஏகாம்பரம் அவர் முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டார். ஆக்ஸிஜன் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. கேட்டைத் தாண்டும்போது உதட்டின் நிறம் திரும்பியிருந்தது. மருத்துவமனை வாசலில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம், “டீம்ல இருந்து தூக்கிடுவாங்களா சிஸ்டர்?”

கஸ்தூரி பதறிக்கொண்டு வந்தார். அவரிடம்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன்.

“டப்பாக்குள்ள ஒரு மாத்திர ஒடஞ்சி ஒழுவிக்கினு இருந்திச்சி சிஸ்டர். பம்போட வாயெல்லாம் மீனு நாத்தம். மால போட்டவரு அத்த எப்பிடி வாயில வைப்பாரு? பம்ப மட்டும் கழுவி எடுத்து வையின்னு நான்தான் சொன்னேன். ரெண்டும் ஜோடி, பிரிக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிக்கீறாங்க, மலைக்குப் போய்ட்டு வந்து ரெண்டையும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு, டப்பாவோட பரண்மேல போட்டுட்டாரு.”

அவர் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியவில்லை. என் பேச்சை மீறி அவர் சாகக் கிடக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு, அதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி, சாகக் கிடந்தார். நான் அன்று அழுதேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நீங்களும் ஒரு நாள் அழுவீர்கள்.

மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் வேன் அவர் இல்லாமல் கிளம்பியது. அந்த வருடம் மலை ஏறக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஏகாம்பரம் அவர் வீட்டுக்குப் போய் முறைப்படி மாலையைக் கழற்றிவிட்டுத்தான் வேன் ஏறினார் என்று கேள்விப்பட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் விசாரணை. பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. “தீய அணைக்கப் போறவனையே நாலு பேரு தூக்கிக்கினு வரணும்னா எதுக்கு சிஸ்டர் டீமு? மருந்த நிறுத்தினது அவன் தப்பு. பேர எடுத்துடலாம்” என்றார். காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளி தானாக மருந்தை நிறுத்தினார்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: ‘விரத காலத்தில் தொழிலாளி தொடமாட்டாத மீன் எண்ணெய் மாத்திரையையும், ஒரு நாளும் பிரியக்கூடாத மருந்தையும் மருத்துவ அறை ஒரே டப்பாவில் போட்டு, பிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது. விரதம் உண்டா என்று மருத்துவ அறை கேட்கவில்லை. மருத்துவ அறை என்றால் நான்.’

அதிகாரி படித்துவிட்டு, “இத்த நீங்க எழுதியே ஆவணுமா?” என்றார். “எழுதலன்னா அடுத்த கார்த்திகையில வேற ஒருத்தர் வுழுவாரு” என்றேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதியதிலேயே நல்ல தமிழ் அந்த நாலு வரிதான். அதில் எனக்குக் கர்வமே உண்டு.

முனிரத்தினத்தின் பெயரை எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி ஓடவைத்து அளந்தார். புகைக்குள் போகும் வேலை வேண்டாம், பம்ப் ஹவுஸில் நின்று தண்ணீரைத் திறந்துவிடும் பொறுப்பு இருக்கட்டும் என்று முடிவானது. முதலில் முனிரத்தினத்தின் முகம் சுண்டியது. “நீ தொறக்கலன்னா மத்த ஏழு பேரும் வெறுங்குழாயப் புடிச்சிக்கினு நிக்கணும்” என்று ஏகாம்பரம் சொன்ன பிறகு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். பம்பு தனியாகச் சட்டைப் பையில். மீன் மாத்திரை வேண்டுமானால் அது வீட்டு அலமாரியில்.

அடுத்த கார்த்திகைக்கு நாலு நாள் முன்னால், காலை ஷிஃப்டுக்கு மணி அடிக்குமுன் மருத்துவ அறைக் கதவைத் தட்டினார். கையில் பம்பு. அதற்குக் கஸ்தூரி தைத்த கறுப்புத் துணிப் பை.

“சிஸ்டர், கார்த்திகை ஒண்ணாந்தேதி மால போடறேன். இன்னா நிறுத்தலாம், இன்னா நிறுத்தக் கூடாது, சொல்லுங்க. டாக்டராண்ட மலை ஏறலாமான்னும் கேட்டுக்கணும்.”

சொல்லி முடித்து நிமிர்ந்தால், அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்கு அல்சர், ஒருவருக்குத் தைராய்டு. கடைசியில் நின்றவர் ஷெட்டின் உச்சியில் ஓடும் கிரேனை ஓட்டுபவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று என் அட்டையில் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“காலையில மாத்திரயப் போட்டுக்கினு மேல ஏறிடுவேன் சிஸ்டர். மால போட்டா நாஷ்டா கெடையாது, மத்தியானம்தான் சாப்பாடு. பத்து மணிவாக்குல கண்ணக் கட்டிக்கினு வரும். சாமி சோதிக்குதுன்னு நெனச்சிக்கினு ஓட்டிடுவேன்.”

“எத்தன வருசமா?”

“இது பதினோராவது மால.”

அவர் தூக்கும் கம்பிக் கட்டுக்குக் கீழே நடக்கக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன்.

அட்டையையும் பேனாவையும் எடுத்து, பின்னால் அச்சேறிய அந்தக் கேள்வியை முதன்முதலாக அடியில் கையால் எழுதினேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, “உக்காருங்க சாமி. காலையில எத்தன மணிக்கு எழுந்துக்குவீங்க? அங்கேருந்து சொல்லுங்க” என்றேன்.